முட்டை உடைக்க ஒரு முதுகலை

படி ராசா, படி. வேணாம்னு சொல்ல, மெஸ்ஸு நடத்தின தாத்தா நான் யாரு? மூணு வருஷம் ஓட்டல் மேனேஜ்மெண்ட் படிச்சு முடிச்சிட்ட. வெள்ளைக் கோட்டு, நட்டுக்கிட்டு நிக்கிற தொப்பி, நெஞ்சுல பேரு எழுதின பட்டை எல்லாம் போட்டு போட்டோ எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் எம்.எஸ்சி.யோ எம்.பி.ஏ.வோ படிச்சா நேரா கூட்டிட்டுப் போய் மேனேஜர் நாற்காலியில உட்கார வச்சிடுவாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சொன்னவன் வாய்ல சர்க்கரையைத்தான் போடணும். போடுறதுக்கு முன்னாடி, அவன் எந்த ஓட்டல்ல எத்தனை நாள் தட்டு கழுவினான்னு மட்டும் கேட்டுக்கோ.

நம்ம பக்கத்துல இந்தப் படிப்புக்குப் பஞ்சமே இல்லை. தாம்பரத்துல ரயிலேறி தெக்கே போனா பொத்தேரியில எஸ்.ஆர்.எம்., ஓட்டல் படிப்புக்குன்னே தனியா ஒரு இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கான். வடக்கே போனா பல்லாவரத்துல வேல்ஸ். வேளச்சேரி தாண்டி தரமணியில மத்திய சர்க்காரோடது. 1931ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் கரண்ட் ரயில் ஓட ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாமதான் பொழைப்பு தேடி அந்தப் பக்கம் போயிட்டிருந்தோம். இப்போ பட்டணத்துப் பிள்ளைங்க தோள்ல பையை மாட்டிக்கிட்டு கரண்டி பிடிக்கப் படிக்க இந்தப் பக்கம் வருதுங்க. கழனி இருந்த இடமெல்லாம் காலேஜு. ஏரிக்கரையெல்லாம் காலேஜு பஸ் நிக்கிற இடம். நல்லதுதான், வெளையுறது எதுவா இருந்தா என்ன.

அந்தத் தரமணி இன்ஸ்டிட்யூட்டோட முழுப் பேரைப் படிச்சிருக்கியா? ஓட்டல் நிர்வாகம், கேட்டரிங் தொழில்நுட்பம்னு போயிட்டே இருந்து கடைசியில ஊட்டச்சத்துன்னு ஒண்ணு வால் மாதிரி தொங்கும். அது ஏன்னு உங்க வாத்தியார் சொன்னாரோ இல்லையோ, நான் சொல்றேன். நாட்டுல முதல்ல இந்த மாதிரி ஒண்ணு 1954ல பம்பாய்ல ஆரம்பிச்சாங்க. ரேஷன் காலம். அன்னைக்கு இதையெல்லாம் கையில வச்சிருந்தது உணவுத் துறை. இருக்கிற தானியத்தை வீணாக்காம, சத்து போகாம, ஊருக்குச் சோறு போட ஆளைப் பழக்கணும்னு கவலைப்பட்டாங்க. 1982லதான் சுற்றுலாத் துறை கைக்கு மாறிச்சு, அதே வருஷம் மேல பார்த்துக்க நேஷனல் கவுன்சில்னு ஒண்ணு வந்துச்சு. இப்போ நீ சேரணும்னு துடிக்கிற எம்.எஸ்சி. ஹாஸ்பிடாலிட்டி அட்மினிஸ்ட்ரேஷன்கூட அந்தக் கவுன்சில் நடத்துறதுதான், பட்டம் கொடுக்கிறது டெல்லி ஜே.என்.யூ. ஆகப் பசிக்குப் பொறந்த படிப்பு டை கட்டிக்கிட்டு நிக்குது. அதுல எனக்கு வருத்தமில்லை. டை கட்டினவனுக்கும் பசிக்கும்.

உங்கப்பன் கணக்கு வேற. மெஸ்ஸுக்காரன் மகன்னு அவனுக்குப் பொண்ணு பார்த்த காலத்துல நாலு வூட்டுல மூக்கைச் சுளிச்சாங்க, அந்தக் காந்தல் அவனுக்கு இன்னும் போகல. உன் கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால மூணு எழுத்து இருக்கணும் அவனுக்கு. தப்பில்லை. சப்ளையர்னு சொன்னா பொண்ணு தர மாட்டான், ஹாஸ்பிடாலிட்டின்னு சொன்னா ஏதோ ஆஸ்பத்திரி உத்தியோகம்னு நினைச்சுக்கிட்டு தலையாட்டிடுவான். தாலி கட்டினப்புறம் பொறுமையா விளக்கிக்கலாம்.

சரி, படிச்சு முடிச்சிட்டன்னே வை. மீனம்பாக்கத்துலயோ ஓ.எம்.ஆர்.லயோ பெரிய ஓட்டல் ஒண்ணுல சேர்றே. யோகம் இருந்தா மேனேஜ்மெண்ட் ட்ரெய்னி, இல்லேன்னா வெறும் ட்ரெய்னி. முன்னாடி எதை ஒட்டினாலும் வெங்காயத்துக்கு அது தெரியாது. கண்ணு எரியத்தான் செய்யும். அங்க உன்கூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்து, உன்னைவிட மார்க்கு கம்மியா வாங்கி, மேல படிக்க வூட்டுல துட்டு இல்லாம அப்பவே வேலைக்குப் போனானே ஒருத்தன், அவன் சூப்பர்வைசரா நிப்பான். ‘வா மச்சி’ன்னு கட்டிப் பிடிப்பான். பாசக்காரன். அடுத்த நிமிஷமே, கீழ ஸ்டோர்ல இருந்து உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிட்டு வந்துடுன்னு அதே பாசத்தோட சொல்லுவான்.

பெரிய கிச்சன்ல ஒரு ஏணி இருக்கு, நீயே பரீட்சையில எழுதியிருப்பே. எஸ்காஃபியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, பட்டாளத்துக்குச் சமைச்சுப் போட்டவரு, அங்க பார்த்த வரிசையைக் கொண்டுவந்து சமையல்கட்டுல நிறுத்தினாரு. கோமி மூணு, கோமி ரெண்டு, கோமி ஒண்ணு, அப்புறம் டெமி, அப்புறம் சி.டி.பி., அப்புறம் சூ ஷெஃப். அதுக்கும் மேலதான் டி.வி.யில வந்து சிரிக்கிறாரே அந்தப் பெரிய ஷெஃப். இந்த ஏணிக்குப் பக்கத்துல லிஃப்ட் வச்சிருக்காங்கன்னு காலேஜு புஸ்தகத்துல வழவழ தாள்ல போட்டிருக்கும். ஓட்டல்ல போய்த் தேடிப் பாரு. சரக்கு ஏத்துற லிஃப்ட் ஒண்ணு இருக்கும்.

பிரேக் ஷிப்டு தெரியுமில்ல? காலைல பத்துக்குப் போய் மூணுக்கு வெளிய வந்து, திரும்ப ஆறரைக்கு உள்ள போய் ராத்திரி பதினொண்ணுக்கு விடுவான். நடுவுல இருக்கிற நேரம் முழுக்க உனக்கே சொந்தம். கிண்டியில வேலை, முடிச்சூர்ல வூடு. ரயிலு, ஷேர் ஆட்டோன்னு வூட்டு வாசல் வரைக்கும் வந்து, உங்கம்மா முகத்தைப் பார்த்துட்டு, அப்படியே திரும்பிப் போயிடலாம். தீபாவளி, பொங்கல், புது வருஷம் எல்லாம் ஓட்டல்ல அமோகமா இருக்கும். நீயும் அங்கதான் இருப்பே, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு.

இதைச் சொன்னா உடனே உங்க சித்தப்பன் எழுந்து நின்னுக்குவான். ‘படிச்சவனா ஓட்டல் நடத்தினான்?’ உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவைப் பாரு, உடுப்பிப் பக்கத்துல இருந்து வந்து சமையல்கட்டு எடுபிடியா இருந்தவரு, 1938ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சாரும்பான். சரவண பவன் ராஜகோபால் மேஜை துடைச்ச பையன், 1981ல கே.கே. நகர்ல கடை போட்டு உலகம் பூராவும் இட்லி வித்தாரும்பான். அவரு கொலை வழக்குல ஆயுள் தண்டனை வாங்கினதை மட்டும் அந்த நேரத்துல மறந்துடுவான். இந்தக் கதையையும் முழுசா நம்பாதே கண்ணு. ஜெயிச்ச கடைக்குத்தான் ஊரு கதை சொல்லும். தாம்பரம் மேற்குல பஸ் ஸ்டாண்டைச் சுத்தி எத்தனை மெஸ்ஸு திறந்து எத்தனை மூடியிருக்குன்னு என்னைக் கேளு. அவங்களும் படிக்காதவங்கதான், அவங்களும் விடியக் காலைல எழுந்தவங்கதான், சாம்பாரும் நல்லாத்தான் இருந்துச்சு. மூடின கடைக்கு யாரும் வாழ்க்கை வரலாறு எழுத மாட்டான். அதனால படிப்பு வேணாம்னு பேசறவனையும் ஓரமா உட்கார வை.

படிப்புல சரக்கு இருக்கு. இல்லேன்னு நான் சொல்லல. அன்னைக்கு உன் புஸ்தகத்தைத் தலைக்கு வச்சுப் படுத்திருந்தேன், தூக்கம் வரலன்னு பிரிச்சுப் பார்த்தேன். மெனு எஞ்சினியரிங்னு ஒரு பாடம். 1982ல அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் கசாவானா, ஸ்மித்னு ரெண்டு பேரு எழுதினது. அயிட்டத்தையெல்லாம் நாலு சாதியா பிரிக்கிறாங்க. நல்லா விக்கும், நல்லா மிச்சமும் நிக்கும்னா நட்சத்திரம். நல்லா விக்கும், மிச்சம் கம்மின்னா உழவுக் குதிரை. மிச்சம் உண்டு, விக்காதுன்னா புதிர். ரெண்டும் இல்லேன்னா நாய். நாய் பாவம், அது என்னா பண்ணுச்சு. நம்ம கடையில இட்லிதான் உழவு பண்ணுச்சு, பரோட்டா சால்னா நட்சத்திரம், மட்டன் சுக்கா புதிர், ரவா கிச்சடி.. சரி, அந்த நாலாவது.

விக்குதா விக்கலயான்னு எப்படிச் சொல்றதுன்னு அதுலயே அளவு வச்சிருக்காங்க. பத்து அயிட்டம் இருந்தா சராசரிக்கு நூத்துல பத்து தட்டு ஒவ்வொண்ணுக்கும் வரணும். அந்தப் பத்துல 70 சதவீதம், அதாவது ஏழு தட்டாவது போனாத்தான் அது ஓடுற சரக்கு. இதைவிட முக்கியமா ஒண்ணு சொல்றாங்க, அதைத்தான் பாதி மெஸ்ஸுக்காரன் தெரியாம மூடினான். எலுமிச்சை சாதம் 40 ரூபாய்க்கு விக்கிறே, அதுக்குச் சரக்குச் செலவு 10 ரூபாய்னு வை. நூத்துக்கு 25தான் செலவு, பிரமாதம். மட்டன் பிரியாணி 280, செலவு 140. நூத்துக்கு 50, ஐயையோ, நஷ்டம்னு கணக்கப்பிள்ளை தலையில அடிச்சுக்குவான். ஆனா ராத்திரி கல்லாவை எண்ணும்போது எலுமிச்சை சாதம் தட்டுக்கு 30 வச்சிருக்கும், பிரியாணி 140 வச்சிருக்கும். வாடகைக்காரன் வந்தா சதவீதத்தையா எடுத்துக் கொடுப்பே?

உன் பாட்டி இந்தப் புஸ்தகம் அச்சாகுறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிட்டா. மெனு கார்டெல்லாம் நம்மகிட்ட ஏது? சப்ளையர் வாயாலயே ஒப்பிக்கிறதுதான். ‘என்ன சூடா இருக்கு?’ன்னு கேட்டவுடனே அவன் மூச்சு விடாம அடுக்குவான். கடைசியா சொல்றதுதான் சாப்பிட வந்தவன் காதுல நிக்கும். சுக்கா மீந்து போற நாள்ல உன் பாட்டி உள்ள இருந்தே சத்தம் கொடுப்பா, ‘டேய், சுக்காவைக் கடைசியில சொல்லுடா!’ன்னு. புதிர் நட்சத்திரமாயிடும். அவளுக்கு எந்த யுனிவர்சிட்டியும் தொப்பி மாட்டல. ஆனா, அதையும் நேர்மையா சொல்லிடறேன், அந்தக் கண்ணு அவளோட போயிடுச்சு. எழுதி வைக்கல, இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கல. புஸ்தகத்துக்கு இருக்கிற பெருமை அதுதான், செத்தவங்க மூளையை அடுத்தவன் கடனா வாங்கிக்கலாம்.

ரூம் சமாச்சாரமும் அப்படித்தான். நூறு ரூம் இருக்கிற ஓட்டல்ல 60 ரூம் ஒவ்வொண்ணும் 5,000 ரூபாய்க்குப் போச்சுன்னு வை. போன ரூமோட சராசரி வாடகை, அதாவது ஏ.டி.ஆர்., 5,000, மொத்த ரூமுக்கும் பரப்பினா ரெவ்பார் 3,000. எதிர்த்த ஓட்டல்காரன் 4,000-க்கு இறக்கி 80 ரூம் கொடுத்துட்டான். அவன் ரெவ்பார் 3,200. யாரு கெட்டிக்காரன்? வகுப்புல உட்கார்ந்து படிச்சவன் ‘எதிர்த்த ஓட்டல்’னு கையைத் தூக்குவான். லாண்டரியில நின்னவன் கையைத் தூக்க மாட்டான், கணக்குப் போடுவான். எதிர்த்தவனுக்குக் கூட வந்தது 20,000. கூட அழுக்கானது 20 ரூம். ஒரு ரூமுக்கு ஆயிரம். அதுல போர்வை, டவல் துவைக்கணும், சோப்பு மாத்தணும், ஏசி ஓடணும், காலைல ரெண்டு பேரு இறங்கி வந்து பூரி, ஆம்லெட், பழம்னு இலவச டிபனை ஒரு கை பார்ப்பாங்க, கோடையில தண்ணி லாரிக்காரன் வேற வாசல்ல நிப்பான். மிச்சம் எவ்வளவுடா?

குனிஞ்சு மெத்தை விரிச்சவனுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். கிண்டியில 2012ல திறந்தாங்களே கிராண்ட் சோழா, 600 ரூம். ஒரு ஆளு ஒரு ஷிப்டுல பதினஞ்சு ரூம் சுத்தம் பண்ணுவான்னு வச்சாக்கூட, நிரம்பின நாள்ல 40 பேரு முதுகு வளையணும். நீ மேனேஜரா வந்து ‘ஆளைக் குறை, ஒருத்தன் இருபது பண்ணட்டும்’னு பேனாவால ஒரு கோடு போடுவே. அந்த அஞ்சு ரூம் எப்படி இருக்கும்னு உன் முதுகுக்குத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு வருஷம் ஏசி வகுப்புல அதுக்கு வழி இல்லை.

இன்னொரு வழி இருக்கு, அதைச் சொன்னா உன் கண்ணு மினுங்கும். வாத்தியாராப் போயிடலாம். அதுக்கு மேல் படிப்பு உதவும், மறுக்கல. கவுன்சில் ஆசிரியர் தகுதிக்குன்னு என்.எச்.டி.இ.டி.னு தனியா ஒரு பரீட்சை வைக்குது, உன்னை மாதிரி மூணு வருஷப் பட்டக்காரன் யு.ஜி.சி. நெட் எழுதணும்னாலும் முதுகலை வேணும். ஞாயித்துக்கிழமை லீவு, பிரேக் ஷிப்டு இல்லை, சுகம். ஆனா நீ படிச்சு முடிச்ச கையோட அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பே, அவன் படிச்சு முடிச்ச கையோட அதுக்கு அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். மூணு தலைமுறையா சட்டி மட்டும் அடுப்புல ஏறியே இருக்காது. ஆம்லெட்டைக் கரும்பலகையிலயே புரட்டிப் போடலாம்.

இப்போ வேலை எங்க இருக்குன்னு பார்ப்போம். உங்க காலேஜு அட்டையில நட்சத்திர ஓட்டல் வரவேற்பறை, அதுல பூ ஜாடி, பூ ஜாடிக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு. நம்ம பக்கத்துல நிஜமா சோறு வேகுற இடம் எது? சிறுசேரி, சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனி கேண்டீன். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதிக் கம்பெனிங்கள்ல ஷிப்டு முறையில சாப்பிடுற கூட்டம். ஆயிரக்கணக்குல பிள்ளைங்க தங்குற காலேஜு ஹாஸ்டல் மெஸ்ஸு. ஆஸ்பத்திரி சமையல்கட்டு. மீனம்பாக்கத்துல இருந்து ஏரோப்ளேனுக்கு ஏத்துற சாப்பாடு. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்தப்புறம் ராத்திரியெல்லாம் ஊருக்குப் போற சனம். ஒரே நேரத்துல ரெண்டாயிரம் பேருக்குத் தயிர் சாதம் புளிக்காம போய்ச் சேரணும், ஒருத்தனுக்கும் வயித்தால போகக் கூடாது. சூடா வைக்கிறது 60 டிகிரிக்கு மேல, குளிரா வைக்கிறது 5 டிகிரிக்குக் கீழ, நடுவுல விட்டா கிருமிக்குக் கல்யாணம். இதுதான் பெரிய வித்தை. இதுல கெட்டிக்காரனா இருந்தா துட்டும் இருக்கு. பூ ஜாடிதான் இருக்காது.

கப்பலுக்குப் போறேன்னு உன் கூட்டாளி ஒருத்தன் சொன்னானே. அவன்கிட்ட கப்பல்காரங்க வச்சிருக்கிற சி.டி.சி. புஸ்தகம் இருக்கா, கப்பல்ல பாதுகாப்புப் பயிற்சி முடிச்சானான்னு கேப்பாங்க, எந்த ஓட்டல்ல எவ்வளவு நாள் நின்னான்னு கேப்பாங்க. எம்.பி.ஏ. இருந்தா ‘ரொம்ப சந்தோஷம்’னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. தெருக்கோடி வூட்டுப் பையன் இன்னும் கெட்டி. ஆதி திராவிடர், பழங்குடிப் பிள்ளைங்களுக்குச் செலவை ஏத்துக்கிட்டு தாட்கோ தரமணியில சேர்த்து விடுதுல்ல, பட்டப் படிப்பு, டிப்ளமோ, குட்டையா ஒரு சர்டிபிகேட்னு? அவன் அதுல குட்டையானதை எடுத்துக்கிட்டான். நீ இங்க உட்கார்ந்து என்னோட வழக்காடிக்கிட்டு இருக்கிற நேரத்துல அவன் மாசச் சம்பளம் எண்ணிக்கிட்டு இருக்கான்.

அதனால என் யோசனை இதுதான். இப்போ வேலைக்குப் போ. ரெண்டு மூணு வருஷம் கிச்சன், ஹவுஸ்கீப்பிங், ரிசப்ஷன், எல்லா வாசல்லயும் நில்லு. ‘இந்த மனுஷன் ஏன் இந்த ரேட்டு வச்சான், ஏன் ஞாயித்துக்கிழமை மட்டும் மீன் மீந்து போகுது’ன்னு ராத்திரி தூக்கம் வராம உனக்குக் கேள்வி வரும். அப்போ போய்ப் படி. அந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு வகுப்புல உட்கார்ந்தா வாத்தியாருக்கே வேர்க்கும். ஸ்விட்சர்லாந்துல லோசான்ல 1893ல உலகத்துலயே முதல் ஓட்டல் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது ஓட்டல்காரங்கதான், ஆரம்பிச்ச இடமும் ஒரு ஓட்டலுக்குள்ளதான். பாடம் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்.

இல்லை தாத்தா, இப்பவே சேரணும், அப்பா துட்டுக்குச் சொல்லி வச்சிட்டாருன்னா, சரி, போ. தடுக்கல. அட்மிஷன் வாங்கப் போற அன்னைக்கு மூணு விஷயம் விசாரி. உனக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கப் போறவரு கடைசியா எப்போ ஓட்டல்ல வேலை பார்த்தாரு? போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தனை பேரு எந்த வேலையில என்ன சம்பளத்துல சேர்ந்தாங்க? பேரு வேணாம், சம்பளம் போதும். பயிற்சிக்கு அனுப்புற ஓட்டல்ல உன்னை எல்லா டிபார்ட்மெண்டுக்கும் மாத்துவாங்களா, இல்லை ஆறு மாசமும் கிளாஸ் துடைக்க விடுவாங்களா? நேரா பதில் சொன்னா கட்டு. சுத்தி வளைச்சு, ‘எங்க கேம்பஸ் எத்தனை ஏக்கர் தெரியுமா’ன்னு ஆரம்பிச்சு, உட்கார வச்சு காபி கொடுத்தாங்கன்னா, அவசரப்படாம குடி. ஓட்டல் நடத்தச் சொல்லிக் கொடுக்கிற இடத்துல அந்தக் காபி கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சுன்னா, ‘அப்பாகிட்டக் கேட்டுட்டு வரேன் சார்’னு எழுந்து வந்துடு. அப்பாகிட்டக் கேக்க வேணாம், நான் சொல்லிக்கிறேன்.